ஃப்ராங்க் ஆயர்பாக்: மூஞ்சியே தெரியாத போர்ட்ரெய்ட்ட எப்படிதான் பாக்கிறது?

கரித்துண்டு எழுதியது:

ரொம்ப நாளா ஆரம்பிக்கணும்னு நினைச்ச இழை. பிரிட்டிஷ் ஓவியர்னாலே நம்மாளுங்க ஹாக்னி, பேக்கன், ஃப்ராய்ட், அப்புறம் பேங்க்ஸினு நாலு பேர சொல்லிட்டு நிறுத்திடுறாங்க. ஃப்ராங்க் ஆயர்பாக் பத்தி தமிழ்ல யாரும் பேசி நான் பாத்ததே இல்ல. 2024 நவம்பர்ல செத்துப்போனாரு, 93 வயசு, கடைசி வரைக்கும் வரைஞ்சுட்டே இருந்தாரு.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 1931-ல பெர்லின்ல பொறந்தவரு. யூதக் குடும்பம். அப்பா மாக்ஸ் காப்புரிமை வக்கீல், அம்மா ஷார்லட் ஓவியம் படிச்சவங்க. 1939 ஏப்ரல்ல, எட்டு வயசு ஆக இன்னும் சில வாரம் இருக்கும்போது, ஹாம்பர்க்ல கப்பல் ஏத்தி தனியா இங்கிலாந்துக்கு அனுப்பிட்டாங்க. இத்தாலில இருந்த ஐரிஸ் ஒரிகோனு ஒரு எழுத்தாளர் ஆறு பிள்ளைங்களுக்கு செலவ ஏத்துக்கிட்டாங்க, அந்த ஆறுல இவரு ஒண்ணு. அப்பா அம்மாவ அதுக்கப்புறம் பாக்கவே இல்ல. செஞ்சிலுவை சங்கம் வழியா சின்னச்சின்ன கடுதாசி வந்துட்டு இருந்துச்சு, 1943-ல அதுவும் நின்னுபோச்சு. ரெண்டு பேரையும் ஆஷ்விட்ஸ் நாஜி முகாம்ல கொன்னுட்டாங்க.

வளந்தது கென்ட்ல பன்ஸ் கோர்ட்னு ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல. அன்னா எஸ்ஸிங்கர்ங்கிற அம்மா ஹிட்லர் வந்த உடனேயே 1933-ல தன் பள்ளிக்கூடத்தையே பிள்ளைங்களோட ஜெர்மனில இருந்து கிளப்பிட்டு வந்து அங்க நடத்துனாங்க. 1947-ல பிரிட்டிஷ் குடியுரிமை, அதே வருஷம் லண்டன். செயின்ட் மார்ட்டின்ஸ் ஆர்ட் ஸ்கூல்ல படிப்பு, அப்புறம் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட். 1954-ல கேம்டன்ல மார்னிங்டன் கிரெசன்ட் பக்கத்துல ஒரு ஸ்டூடியோ புடிச்சாரு. அதுக்கு முன்னாடி அதுல இருந்தது அவரோட கூட்டாளி லியான் கோசாஃப். அதோட சரி, எழுபது வருஷம் அதே ஸ்டூடியோ, அதே நாலஞ்சு தெரு, அதே நாலஞ்சு பேரு மூஞ்சி.

இப்ப விஷயத்துக்கு வரேன். இவர பத்தி எங்க எழுதினாலும் முதல் பத்தியிலயே ஆஷ்விட்ஸ் வந்துடுது (நானும்தான் இப்ப பண்ணிருக்கேன், பின்னணி சொல்லாம ஆரம்பிக்க முடியல). அடுத்த பத்தியில "அந்த இழப்புதான் இந்த அடர்த்தியான பெயிண்ட்ல தெரியுது"னு ஒரு வரி. எனக்கு இது சுத்தமா ஒத்து வரல. பெயிண்ட் ஏன் அவ்வளவு கனமா இருக்குங்கிறதுக்கு ரொம்ப நேரடியான, வேலை சம்பந்தப்பட்ட காரணம் இருக்கு, அத யாரும் பேச மாட்டேங்கிறாங்க. பேசலாம் வாங்க.

---

சும்மா_பாக்கிறேன் எழுதியது:

இப்பதான் கூகுள் பண்ணி படம் பாத்தேன் ப்ரோ. தப்பா எடுத்துக்காதீங்க, அடிபிடிச்ச பொங்கல கரண்டியால வழிச்சு பலகைல அப்புன மாதிரி இருக்கு. கீழ "தலை"னு பேரு போட்டதால தலைனு நம்புறேன். இதுக்கு ஒரு ஆளு வேற வாரா வாரம் வந்து ஆடாம அசையாம உக்காந்தாங்களாம். எதுக்கு? யாருமே உக்காரலனாலும் இதே படம்தான வந்திருக்கும்?

கிண்டலுக்கு கேக்கல, நிஜமாதான் கேக்கிறேன்.

---

டிராயிங் மாஸ்டர் எழுதியது:

தம்பி கேட்டது நல்ல கேள்வி. அத அப்படியே புடிச்சுக்கோங்க, விட்டுடாதீங்க. மாடல் உக்காரலனா இந்தப் படம் வந்திருக்குமா? வந்திருக்காது. ஏன்னு கரித்துண்டு சொல்லட்டும், நான் சாயங்காலம் வரேன். பேத்திய டான்ஸ் கிளாஸ்ல விடணும்.

---

தேம்ஸ் கரை எழுதியது:

ஹாய், நான் லண்டன்ல இருக்கேன். 2024 ஆரம்பத்துல கோர்ட்டோல்ட் கேலரில இவரோட சார்கோல் (கரித்துண்டால வரைஞ்ச) தலைகள் மட்டும் தனியா ஒரு எக்ஸிபிஷன் போட்டாங்க, 1950கள்லயும் 60கள் ஆரம்பத்துலயும் வரைஞ்சது. அத பாத்ததுக்கு அப்புறம்தான் எனக்கு இவரு புடிபட்டாரு. அதனால சும்மா_பாக்கிறேன், நீங்க பெயிண்டிங்க தேடாதீங்க, முதல்ல அந்த சார்கோல் படங்கள தேடி பாருங்க.

அதுல மூஞ்சி நல்லாவே தெரியும். கண்ணு குழி, தாடை, நெத்தி, குனிஞ்ச தலை, எல்லாம் இருக்கும். கிட்ட போய் பாத்தா பேப்பர் கிழிஞ்சிருக்கு, கிழிஞ்ச எடத்துல வேற பேப்பர் ஒட்டி அது மேல வரைஞ்சிருக்காரு. ஏன் கிழிஞ்சுதுனா ஒவ்வொரு தடவ ஆளு வந்து உக்காந்து போன பிறகும் மொத்த படத்தையும் அழிச்சிடுவாரு. அடுத்த தடவ அந்த அழிச்ச சாம்பல் நிறத்து மேலயே திருப்பி வரைவாரு. மாசக்கணக்கா இப்படியே போகும். ரப்பர் போட்டு தேச்சு தேச்சு பேப்பரே தாங்காம ஓட்ட விழுந்துடுது. 1958-ல வரைஞ்ச தன்னோட சொந்த மூஞ்சியிலயே அந்த ஒட்டு தெரியும், நெத்தியிலயும் கன்னத்துலயும் கோடு ஓடுற மாதிரி.

ஃபோட்டோல அந்த ஒட்டெல்லாம் சரியா தெரியாது. நேர்ல பாக்கும்போது அந்த கருப்புக்கு ஒரு ஆழம் இருக்கு, பழைய தலை எல்லாம் உள்ள எங்கயோ நிக்கிற மாதிரி. நான் அந்த ரூம்ல ரொம்ப நேரம் நின்னுட்டேன், காவலுக்கு இருந்தவரு ரெண்டு தடவ வந்து பாத்துட்டு போனாரு.

---

கரித்துண்டு எழுதியது:

அக்கா சொன்னதுதான் மொத்த சாவியும். அத பெயிண்டுக்கு கொண்டு வரேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எல்லாரும் ஆயர்பாக் பெயிண்ட் கனம்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுறாங்க, ஆனா அந்த கனத்துல ரெண்டு காலம் இருக்கு, ரெண்டுக்கும் காரணம் வேற வேற. 1950கள்லயும் 60களோட முதல் பாதியிலயும் அவரு ஆயில் பெயிண்ட பெருசா சொரண்டி எடுக்கல. இன்னைக்கு வரைஞ்சது சரியில்லனா அடுத்த தடவ அது மேலயே வரைவாரு, அதுவும் சரியில்லனா அது மேல இன்னொண்ணு. நூறு தடவ, இருநூறு தடவ உக்காந்தா என்ன ஆகும், பலகைல பெயிண்ட் மலை மாதிரி ஏறிடும், மூக்கு நிஜமாவே வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். 1960 வாக்குல வரைஞ்ச சில தலைய கேன்வாஸ்ல வரையாம மரப்பலகைல வரைஞ்சிருக்காரு, அந்த கனத்துக்கு அதுதான் சரி. 1956-ல ஹெலன் லெஸோர் நடத்துன போ ஆர்ட்ஸ் கேலரில முதல் ஷோ, அப்பவே பாதி பேரு இது ஓவியமா சிற்பமானு திட்டுனாங்க. டேவிட் சில்வெஸ்டர்ங்கிற விமர்சகர் மட்டும் 1949-ல பேக்கன் போட்ட ஷோவுக்கு அப்புறம் ஒரு இங்கிலீஷ் ஓவியரோட முதல் ஷோல இதுதான் பெருசுங்கிற ரேஞ்சுல எழுதுனாரு.

அதாவது அந்த கனம் அவரு தேடி போனது இல்ல. சரியா வரல, சரியா வரலனு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணதோட மிச்சம். அவரே கிட்டத்தட்ட இதையேதான் சொல்லிருக்காரு.

60கள் நடுவுல மாத்திட்டாரு. உக்காந்து முடிச்ச பிறகு, இல்ல அடுத்த தடவ ஆரம்பிக்கும்போது, மொத்தத்தையும் கத்தியால சொரண்டி எடுத்துடுவாரு, நியூஸ்பேப்பர வச்சு ஒத்தி எடுப்பாரு. மெல்லிசா ஒரு நிழல் மட்டும் தங்கும். அது மேல திருப்பி முதல்ல இருந்து. இதுல படம் எப்ப முடியும்னா, மாசக்கணக்குல தோத்த பிறகு ஒரு நாள் ரெண்டு மணி நேரத்துல ஒரே மூச்சுல வந்து விழும். அன்னைக்கு அத சொரண்ட மாட்டாரு. அவ்வளவுதான். அதனால பின்னாடி வந்த படங்கள்ல நீங்க பாக்கிற பெயிண்ட் முழுக்க ஈரத்து மேல ஈரமா ஒரே உக்கார்ல போட்டது. அந்த வேகமான கோணல்மாணல் கோடு எல்லாம் அதனாலதான்.

சும்மா_பாக்கிறேன் கேட்டதுக்கு என் பதில் இதுதான்: ஆளு உக்காரலனா எது தப்புனு அவருக்கு தெரிஞ்சிருக்காது. எதிர்ல தலை இருக்கிறதாலதான் நேத்து போட்டது பொய்னு தெரியுது, சொரண்டுறாரு. கண்டபடி கலர் அப்புற ஆளுக்கு சொரண்ட வேண்டிய அவசியமே வராது, எல்லாமே சரிதான அவருக்கு.

---

சும்மா_பாக்கிறேன் எழுதியது:

சரி, சார்கோல் பாத்தேன். அது வேற லெவல், ஒத்துக்கிறேன். ஆனா அதே ஆளு இவ்வளவு நல்லா வரைய தெரிஞ்சும் பெயிண்ட்ல ஏன் அப்படி பண்ணணும்னு இன்னும் கடுப்பாதான் இருக்கு. கடைசியா வந்து விழுந்தது "சரி"னு யாரு முடிவு பண்றது? அவரேதான? அப்ப நமக்கு எப்படி தெரியும்?

---

டிராயிங் மாஸ்டர் எழுதியது:

வந்துட்டேன். முப்பது வருஷம் ஸ்கூல் பசங்களுக்கு டிராயிங் எடுத்தவன்ங்கிற முறையில சொல்றேன், இந்த ஆளோட குருவ தெரிஞ்சுக்காம இவர புரிஞ்சுக்க முடியாது. டேவிட் பாம்பெர்க். லண்டன்ல பரோ பாலிடெக்னிக்ல சாயங்கால வகுப்பு எடுத்தாரு. அவரோட காலத்துல யாரும் பெருசா மதிக்காத ஆளு, 1957-ல வறுமையிலயே செத்தாரு. ஆயர்பாக்கும் கோசாஃபும் பகல்ல பெரிய காலேஜ்ல படிச்சுட்டு ராத்திரி இவர்கிட்ட போவாங்க. பாம்பெர்க் சொல்லிக்கொடுத்தது என்னன்னா, வெளிக்கோட்ட பாத்து வரையாத, பொருளோட கனம் உன் உடம்புக்கு எப்படி தெரியுதோ அத வரை. ஒரு தலைய கையில தூக்குனா எவ்வளவு கனம், எங்க சாயும், கழுத்து அத எப்படி தாங்குதுங்கிறது கண்ணுக்கு தெரியாது, ஆனா உனக்கு தெரியும். அந்த தெரிஞ்சத வரையணும்.

கட்டம் போட்டு காப்பி அடிச்சு சாயல் கொண்டு வர்றது பசங்களுக்கு ஒரு மாசத்துல வந்துடும். அதுல ஒரு ஆளு இருக்கிற மாதிரி தெரியும், ஆளு இருக்க மாட்டான். ஆயர்பாக் படத்துல நீங்க சாயல தேடாதீங்க தம்பி. தலை எந்த பக்கம் சாஞ்சிருக்கு, வெளிச்சம் எங்க இருந்து வருது, அந்த அம்மா சேர்ல சாஞ்சு கிடக்காங்களா நிமிந்து இருக்காங்களா, இத தேடுங்க. அஞ்சு நிமிஷம் பாத்தா தட்டுப்படும். தட்டுப்பட்டுச்சுனா அப்புறம் அத பாக்காம இருக்க முடியாது. "சரி"னு நமக்கு எப்படி தெரியும்னு கேட்டீங்கள்ல, இப்படித்தான்.

இன்னொண்ணு, அந்த காலத்து படமெல்லாம் ஏன் மண்ணு கலர், கருப்பு, வெள்ளைனே இருக்கு? சோகம்னு எழுதுறாங்க. அட, கையில காசு இல்லைய்யா! காட்மியம் சிவப்பு, காட்மியம் மஞ்சள் எல்லாம் அப்பவும் சரி இப்பவும் சரி யானை விலை. மண்ணுல இருந்து வர்ற ஓக்கர் மாதிரி கலர்தான் மலிவு. இந்த ஆளு மாதிரி கிலோ கணக்குல பெயிண்ட் தின்கிறவனுக்கு வேற என்ன வாங்க முடியும்? 60கள் நடுவுல மார்ல்பரோ கேலரி இவர எடுத்துக்கிட்ட பிறகு கையில நாலு காசு வந்துச்சு, உடனே சிவப்பும் மஞ்சளும் வந்துடுச்சு பாருங்க.

---

கரித்துண்டு எழுதியது:

மாஸ்டர், இத ஃப்ரேம் போட்டு மாட்டணும்.

---

சும்மா_பாக்கிறேன் எழுதியது:

அந்த கலர் மேட்டர் சூப்பர் சார். ஆனா உக்காந்தவங்க பாவம்ல. யாரு அவங்க? சம்பளம் குடுத்தாரா?

---

தேம்ஸ் கரை எழுதியது:

இது நான் சொல்றேன், எனக்கு இவரு கதையில ரொம்ப புடிச்ச பகுதியே இந்த உக்காந்தவங்கதான்.

முதல் ஆளு எஸ்டெல்லா வெஸ்ட், ஸ்டெல்லானு கூப்பிடுவாங்க. படங்கள்ல ஈ.ஓ.டபிள்யூ.னு இனிஷியல் மட்டும் இருக்கும். 1948-ல ஒரு நாடகத்துல நடிக்கும்போது பழக்கம். ஆமா, நடிக்கவும் செஞ்சாரு, பீட்டர் உஸ்டினோவ் எழுதின நாடகம். அப்ப இவருக்கு 17, அவங்களுக்கு 32, புருஷன் இல்ல, மூணு பிள்ளைங்க, எர்ல்ஸ் கோர்ட்ல வாடகைக்கு ரூம் விடுற வீடு நடத்திட்டு இருந்தாங்க. இவரு அங்கயே தங்கிட்டாரு, ரெண்டு பேரும் காதல். வாரத்துக்கு மூணு நாள் சாயங்காலம் அவங்க உக்காருவாங்க. அந்த ரூம்ல ஈசல் (படத்த நிறுத்தி வரையற ஸ்டாண்ட்) வைக்க எடமில்லாம படத்த ஒரு நாற்காலில சாத்தி வச்சு, தரையில முட்டி போட்டுக்கிட்டு வரைவாராம், சுத்தி பெயிண்ட் டப்பாவா கிடக்கும். இது 1973 வரைக்கும், இருபது வருஷத்துக்கு மேல.

அடுத்தது ஜே.ஒய்.எம்., ஜூலியட் யார்ட்லி மில்ஸ். இவங்க தொழில்முறை மாடல். 1956-ல சிட்கப்ல இருந்த ஆர்ட் காலேஜ்ல பாத்தது. புதனும் ஞாயிறும் பஸ் புடிச்சு ஸ்டூடியோவுக்கு வருவாங்க, 1997 வரைக்கும் வந்தாங்க. நாப்பது வருஷம்! அப்புறம் மனைவி ஜூலியா, 1958-ல கல்யாணம், நடுவுல ரொம்ப வருஷம் பிரிஞ்சு இருந்தாங்க, 1976-ல திரும்ப சேந்தாங்க. சேந்த பிறகு அவங்கள வரைஞ்சதுல எண்ணிக்கையே இல்ல. மகன் ஜேக். கலை வரலாறு எழுதுற கேத்தரின் லாம்பர்ட் 1978-ல இருந்து வாரா வாரம் உக்காந்தாங்க, 2015-ல லண்டன் டேட் பிரிட்டன் மியூசியத்துல இவரோட ஷோவ ஒழுங்கு பண்ணதும் அவங்கதான்.

இதுல ஒருத்தர் வர்ற நாள், நேரம் மாறவே மாறாது. நீங்க கேட்ட மாதிரி "பாவம்"னு நானும் யோசிச்சிருக்கேன். ஆனா உக்காந்தவங்க யாரும் அப்படி பேசல. ரெண்டு மணி நேரம் ஒருத்தர் தன்னை முழு கவனத்தோட பாக்கிறது நம்ம வாழ்க்கையில எத்தன தடவ நடக்குது சொல்லுங்க.

ஒரே ஆள ஏன் திரும்பத் திரும்பனு கேட்டா அவரு சொன்னது, ஒரே தலைய வரைய வரைய அது பழகுறதுக்கு பதிலா அந்நியமா ஆகுது, நமக்கு தெரிஞ்ச விஷயமெல்லாம் உதிந்து போய் கடைசியில பச்சையா ஒரு உண்மை கிட்ட வருதுங்கிற மாதிரி.

---

அரைநிலா எழுதியது:

புது உறுப்பினர், வணக்கம். மன்னிக்கணும், நான் எதிர்க்கட்சி.

கரித்துண்டு சார் பின்னணிய ஓரமா தள்ளுற மாதிரி எழுதிருக்கீங்க. அவங்க அம்மா அவரை அனுப்பும்போது பெட்டி கட்டுனாங்கள்ல, அதுல இப்ப போட்டுக்க வேண்டிய துணி, பெரியவனான பிறகு உபயோகிக்க வேண்டிய துணினு பிரிச்சு, பின்னாடிக்கு வேணுங்கிறதுல மூலையில செவப்பு நூலால குறுக்கு தையல் அடையாளம் போட்டு வச்சிருந்தாங்க. படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு கூட வச்சிருந்தாங்க. திரும்பி பாக்க முடியாதுனு தெரிஞ்சேதான் கட்டிருக்காங்க அந்த பெட்டிய.

எட்டு வயசு கூட ஆகாத பையன் எல்லா மூஞ்சியையும் ஒரே நாள்ல தொலைச்சவன். அவன் வளந்து என்ன பண்றான்? அஞ்சாறு பேர மட்டும் புடிச்சுக்கிட்டு, அவங்க கண்டிப்பா இன்ன கிழமை இன்ன நேரத்துக்கு வரணும்னு வச்சுக்கிட்டு, அம்பது வருஷம் அவங்க மூஞ்சிய அழிச்சு அழிச்சு திரும்ப கொண்டு வரான். ஊர விட்டு நகர மாட்டேங்கிறான். விடுமுறையே கிடையாது, வருஷத்துக்கு ஒரு நாள் வெளிய போனா அதிசயம். இதுக்கும் அந்த பெட்டிக்கும் சம்பந்தமே இல்லனு சொன்னா, அது வேலையப் பத்தின பேச்சுங்கிற பேர்ல கண்ண மூடிக்கிறதுதான்.

---

கரித்துண்டு எழுதியது:

வாங்க வாங்க, எதிர்க்கட்சி இல்லாம இழை எப்படி ஓடும். நல்லா எழுதிருக்கீங்க, அந்த பெட்டி விஷயம் மனச புடிச்சு இழுக்குதுங்கிறத மறுக்கல. ஆனா ரெண்டு விஷயம்.

ஒண்ணு, அவரே சொன்னது. அப்பா அம்மா பத்தி கேட்டா, மனநல டாக்டருங்க கூடாதுனு சொல்ற வேலையத்தான் நான் பண்ணேன், முழுசா மறுத்துட்டேன், எனக்கு அது நல்லாவே வேலை செஞ்சுதுனு சொல்லிருக்காரு. பன்ஸ் கோர்ட்ல சந்தோஷமா இருந்தேன்னும் சொல்லிருக்காரு.

ரெண்டாவது இன்னும் முக்கியம். ஸேபால்ட்ங்கிற ஜெர்மன் எழுத்தாளர் எழுதின "புலம்பெயர்ந்தோர்" புத்தகம் 1992-ல ஜெர்மன்ல வந்துச்சு. அதுல மாக்ஸ் அவுராக்னு ஒரு ஓவியர் வராரு, சின்ன வயசுல ஜெர்மனில இருந்து அனுப்பப்பட்டவரு, வரைஞ்சு வரைஞ்சு அழிக்கிறவரு, ஸ்டூடியோ தரையெல்லாம் தூசி. யாருனு சொல்லவே வேணாம், பேருல கூட பாதி அதேதான். அதுல ஆயர்பாக்கோட சார்கோல் படம் ஒண்ணையும் போட்டிருந்தாங்க. ஆயர்பாக் இதுக்கு எதிர்ப்பு சொன்னாரு. 1996-ல இங்கிலீஷ்ல வரும்போது அந்த ஓவியர் பேரு மாக்ஸ் ஃபெர்பர்னு மாறிடுச்சு, படத்தையும் எடுத்துட்டாங்க. நீங்க சொல்ற அதே வாசிப்புதான் அது, அழகா பண்ண வாசிப்பு, அத அந்த மனுஷனே ஏத்துக்கலங்க. என் வாழ்க்கைய எடுத்து உன் கதைக்கு உவமையா வைக்காதனு சொல்ல ஒருத்தனுக்கு உரிமை இருக்குல்ல?

---

அரைநிலா எழுதியது:

உரிமை இருக்கு. ஆனா "நான் மறுத்துட்டேன்"னு ஒருத்தர் தானே சொன்னா, மறுக்கிறதுக்கு ஏதோ ஒண்ணு இருந்துச்சுனுதான அர்த்தம்? நீங்க குடுத்த மேற்கோளே என் பக்கம்தான் பேசுது.

---

டிராயிங் மாஸ்டர் எழுதியது:

சபாஷ். சரியான அடி.

---

தேம்ஸ் கரை எழுதியது:

நடுவுல ஒரு பேரு சொல்லிட்டு போறேன், ரெண்டு பேருக்குமே தொந்தரவா இருக்கட்டும். கெர்டா போம். இவங்க ஆயர்பாக்கோட வயசுல பெரிய கசின், அவங்களும் ஜெர்மனில இருந்து தப்பி லண்டன் வந்தவங்க. பழைய குடும்பத்துல அவருக்கு மிஞ்சினவங்க. 60கள்ல அவங்கள சார்கோல்லயும் ஆயில்லயும் வரைஞ்சிருக்காரு.

அரைநிலா சொல்றது சரினா கெர்டா தலைல ஏதாவது விசேஷமா இருக்கணும், சொந்த ரத்தம், அதே கதை. ஆனா பக்கத்துல ஸ்டெல்லா தலைய வச்சு பாத்தா நடத்துற விதத்துல ஒரு வித்தியாசமும் எனக்கு தெரியல, அதே கறார், அதே அடி. அதே சமயம் கரித்துண்டு, பின்னணி வேணாம்னு முழுசா ஒதுக்குன ஆளு ஏன் அவங்கள கூப்பிட்டு உக்கார வச்சாரு? எனக்கு இதுக்கு பதில் இல்ல.

---

டிராயிங் மாஸ்டர் எழுதியது:

தலையவே பேசிட்டு இருக்கோம், கட்டடத்த விட்டுட்டோமே. 1952 கோடையில ரெண்டு படம் முடிச்சாரு, ஒண்ணு ஸ்டெல்லாவ வரைஞ்சது, இன்னொண்ணு எர்ல்ஸ் கோர்ட் ரோட்ல ஒரு கட்டட வேலை நடக்கிற எடம். இந்த ரெண்டுலதான் நான் ஓவியன் ஆனேன்னு அவரே நினைச்சாரு. அதுக்கப்புறம் பத்து வருஷம் லண்டன்ல எங்க பள்ளம் தோண்டுனாலும் அங்க போய் நின்னாரு. போர்ல குண்டு விழுந்து ஊரே ஓட்ட ஓட்டயா கெடந்த காலம். ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட், ஷெல் கட்டடம், லெஸ்டர் ஸ்கொயர்ல எம்பயர் தியேட்டர திருப்பி கட்டினது, எல்லாம் வரைஞ்சிருக்காரு. பலகை மேல, விளிம்புல நின்னு ஸ்கெட்ச் போட்டுட்டு ஸ்டூடியோல வந்து பெயிண்ட் பண்ணுவாரு. மண்ணு, சாரம், ஏணி, பள்ளம்.

இங்க பின்னணி கட்சிக்காரங்க இடிபாடுனு எழுதுவாங்க. படத்த பாருங்க, இடிபாட்டோட முடியல, அஸ்திவாரம் போடுறாங்க. ஏணி நிக்குது, ஆளுங்க வேலை செய்றாங்க. உருவம் இல்லாத சகதியில இருந்து நேரா, குறுக்கா, சாய்வா ஒரு சட்டம் எந்திரிக்குது. ஓவியனுக்கு இதவிட என்ன வேணும்? தலையில அவரு பண்றதும் இதேதான்.

நேஷனல் கேலரிக்கு போய் பெரியவங்க படத்த பாத்து வரைஞ்சுட்டே இருந்தாரு, ரெம்ப்ராண்ட், டிஷன் எல்லாம். ரெம்ப்ராண்டோட சிலுவையில இருந்து இறக்குற படத்த வச்சு 1961-ல வரைஞ்சிருக்காரு, அதுல மனுஷங்கள எடுத்துட்டா ஏணியும் சாஞ்ச கட்டையும் மிஞ்சும், அப்படியே கட்டட வேலை. புதுசா எதையோ உடைக்க வந்த ஆளு இல்ல இவரு. பழைய ஆளு, ரொம்ப பழைய ஆளு.

---

வெட்டிப்பேச்சு_99 எழுதியது:

எங்க வீட்டு பொடியன் கூட இப்படி வரைவான். கோடி கணக்குல விக்கிறாங்களாமே, நம்பர் குடுங்க அவனையும் அனுப்புறேன்.

---

சும்மா_பாக்கிறேன் எழுதியது:

யோவ், நான் கேட்டதயே திருப்பி கேக்காத, மேல படிச்சுட்டு வா. பொடியன் நூறு தடவ அழிப்பானா?

ஆனா அந்த காசு மேட்டர் எனக்கும் தெரியணும். எவ்வளவுக்கு போகுது?

---

கரித்துண்டு எழுதியது:

தேம்ஸ் கரை அக்கா சொன்ன அதே கெர்டா போம் தலை ஒண்ணு டேவிட் போவிகிட்ட இருந்துச்சு. பாட்டுக்காரர் போவியேதான். அந்தப் படம் எப்படி தெரியுதோ அந்த மாதிரி என் பாட்டு கேக்கணும்னு அவரு பேட்டில சொல்லிருக்காரு. அவரு செத்த பிறகு 2016-ல ஏலம் விட்டாங்க, 3 லட்சத்துல இருந்து 5 லட்சம் பவுண்டு வரைக்கும் போகும்னு போட்டிருந்தாங்க, போனது 37 லட்சத்துக்கும் மேல.

அதவிட எனக்கு லூசியன் ஃப்ராய்ட் கதை புடிக்கும். ரெண்டு பேரும் பெர்லின்ல பொறந்தவங்க, ரொம்ப நெருங்கின கூட்டாளிங்க. ஃப்ராய்ட் வீட்டு சுவர்ல ஆயர்பாக் படமா மாட்டியிருக்கும். அவரு 2011-ல செத்தப்போ ஓவியமும் ஸ்கெட்ச்சுமா நாப்பதுக்கு மேல இருந்துச்சு. வாரிசு வரிக்கு பதிலா அத்தனையையும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, 16 மில்லியன் பவுண்டு வரிக்கு ஈடா. 2014-ல டேட் பிரிட்டன்ல காட்டிட்டு நாடு முழுக்க மியூசியங்களுக்கு பிரிச்சு குடுத்துட்டாங்க. 1986 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சில தங்கச் சிங்கம் பரிசு வேற வாங்கிருக்காரு, ஸிக்மார் போல்கேங்கிற ஜெர்மன் ஓவியரோட பங்கு போட்டுக்கிட்டது. ஆனா இந்த பரிசெல்லாம் வச்சு ஸ்டூடியோவ மாத்துனாரானா இல்ல, அதே சந்து. சந்து வாசல்ல "ஸ்டூடியோக்களுக்கு"னு போர்டு இருக்கும், அத கூட விடல, அந்த சந்தையே வரிசையா வரைஞ்சு தள்ளிருக்காரு.

---

அரைநிலா எழுதியது:

என் கட்சிக்கு கடைசியா ஒரு சாட்சி. கோவிட் சமயத்துல யாரும் வந்து உக்கார முடியாம போச்சுல்ல, அப்ப என்ன பண்ணாரு? தன் மூஞ்சியவே வரைய ஆரம்பிச்சாரு. அதுக்கு முன்னாடி அதிகமா தன்னை வரைஞ்சதில்ல. 2023-ல இருபது சுயபடத்த ஷோ போட்டாங்க, அப்ப அவருக்கு 92. அதுல கலர பாருங்க, பிங்க், நீலம், மஞ்சள்னு காத்தோட்டமா இருக்கு, 1950கள் சகதி எங்க போச்சுனே தெரியல. சின்ன வயசுல வழவழப்பான மூஞ்சி, வரைய அதுல ஒண்ணும் இல்ல, இப்பதான் கண்ணுக்கு கீழ பை தொங்குது, எல்லாம் தொங்குது, சுவாரஸ்யமா இருக்குங்கிற மாதிரி பேசிருக்காரு.

யாரும் வரலனாலும் எதிர்ல ஒரு மூஞ்சி இல்லாம அவரால இருக்க முடியல. நான் சொன்னது இதத்தான்.

---

கரித்துண்டு எழுதியது:

யாரும் வரலனாலும் வேலைய நிறுத்த முடியலனு நான் படிப்பேன். ஒரே ஆதாரம், ரெண்டு கட்சி. 😄

---

சும்மா_பாக்கிறேன் எழுதியது:

எனக்கு அந்த பெட்டி கதையும் வேணும், சொரண்டுற கதையும் வேணும், ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க. பெயிண்டிங் இன்னும் முழுசா இறங்கலங்கிறது உண்மை. ஆனா மாஸ்டர் சொன்ன மாதிரி ஒரு ஜே.ஒய்.எம். தலைய பெருசு பண்ணி வச்சு பாத்துட்டு இருந்தேன், அவங்க தலைய பின்னாடி சாச்சு மோவாய தூக்கிட்டு இருக்காங்கனு திடீர்னு தெரிஞ்சுது, கொஞ்சம் திமிரா. அது எப்படி முதல்ல தெரியாம போச்சுனே புரியல.

மச்சான் ஒருத்தன் அடுத்த மாசம் ஆபீஸ் வேலையா லண்டன் போறான். எங்க போய் பாக்க சொல்லட்டும்?

---

தேம்ஸ் கரை எழுதியது:

டேட்கிட்ட நிறைய இருக்கு. 1953-54-ல வரைஞ்ச ஸ்டெல்லா படம், ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் கட்டட வேலை, ப்ரிம்ரோஸ் ஹில், டிஷன பாத்து வரைஞ்ச பாக்கஸும் அரியட்னியும் 1971, அந்த ஸ்டூடியோ சந்து படம். ஆனா எது எப்ப சுவர்ல மாட்டியிருக்கும்னு மாறிட்டே இருக்கும், போறதுக்கு முன்னாடி வெப்சைட்ல செக் பண்ணிட்டு போக சொல்லுங்க. டேட் பிரிட்டன், பிம்லிகோ ஸ்டேஷன்ல எறங்கணும், டேட் மாடர்னுக்கு போயிட்டு இல்லனு திரும்பி வர்றவங்க ஜாஸ்தி. உள்ள போக டிக்கெட் கிடையாது, ஸ்பெஷல் ஷோவுக்கு மட்டும்தான் காசு.

நேரம் இருந்தா நார்தர்ன் லைன்ல மார்னிங்டன் கிரெசன்ட்ல எறங்கி சும்மா நடக்க சொல்லுங்க. எதிர்ல பழைய சிகரெட் ஃபேக்டரி, வாசல்ல ரெண்டு பெரிய கருப்பு பூனை சிலை இருக்கும். அந்த சிக்னல், அந்த ரோடு வளைவு எல்லாம் படத்துல வரும். முதல்ல படத்த பாத்துட்டு அப்புறம் தெருவுக்கு போக சொல்லுங்க, மாத்தி வேணாம்.

---

சும்மா_பாக்கிறேன் எழுதியது:

அவன்கிட்ட சொல்லிட்டேன். "படத்துல தலை எங்கடா இருக்கு"னு ஃபோன் பண்ணுவான், மாஸ்டர் நம்பர குடுத்துடட்டுமா?

---

டிராயிங் மாஸ்டர் எழுதியது:

நம்பர் வேணாம், இங்கயே வந்து கேக்க சொல்லு. படத்துக்கு நேரா எதிர்ல நின்னு அஞ்சு நிமிஷம் பாத்த பிறகு கேட்டா மட்டும்தான் பதில். ஃபோட்டோ எடுத்து அனுப்பிட்டு கேட்டா கிடையாது.